பந்தயத் தடமும் பந்தயச் சுவையும்
(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்க மேடையில் திருக்குறளைப் பற்றியோ சிலப்பதிகாரத்தைப் பற்றியோ பேசுவதுதான் மரபு. எனக்கோ மோட்டார் பந்தயத்தைப் பற்றிப் பேசும்படி கட்டளை பிறந்திருக்கிறது. இதற்குக் காரணம் நம் சங்கத்து இளைஞர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பார்முலா ஒன் பந்தயம் பார்க்கும் அவர்கள், சென்ற திங்கள் என்னிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தார்கள். “ஐயா, பழைய தடங்களில் இருந்த விறுவிறுப்பு புதிய தடங்களில் இல்லையே! பாதுகாப்பு, பாதுகாப்பு என்று சொல்லிப் பந்தயத்தின் உயிரையே எடுத்துவிட்டார்களா?” என்பது அவர்கள் வழக்கு. அருகில் நின்ற ஒரு தாயார் அதைக் கேட்டார். “அந்த விறுவிறுப்புக்கு யார் வீட்டுப் பிள்ளையை விலையாகக் கொடுப்பது?” என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இளைஞர்களின் கேள்வியும் நியாயமானது. தாயாரின் கேள்வியும் நியாயமானது. இரண்டுக்கும் ஒருசேர விடை காண முடியுமா என்று பார்ப்பதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

சோழவரத்தில் கண்டது

என் தந்தையார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1980களின் தொடக்கத்தில், நான் பள்ளி மாணவனாக இருந்தபோது, பங்காருப்பேட்டையில் வண்டி மாறிச் சென்னைக்குப் போய்ப் பெரம்பூரில் இருந்த என் தாய்மாமன் வீட்டில் தங்கினேன். மாமா என்னைச் சோழவரத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே இருந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். ஆண்டுதோறும் அங்கே மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தி வந்தது. மாசி வெயில், நிழலுக்கு ஒரு மரம் இல்லை, அலங்கார வளைவு ஒன்றும் இல்லை. நெடிய ஓடுபாதையில் முழு வேகத்தில் வரும் வண்டிகள், அதன் முடிவில் சட்டென்று வேகத்தை அடக்கித் திரும்ப வேண்டும். யார் முதலில் பிரேக்கை மிதிப்பார், யார் கடைசி நொடிவரை பொறுப்பார் என்பதில்தான் அந்தப் பெருங்கூட்டத்தின் கண்ணெல்லாம் இருந்தது. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கமாக அந்தத் திருப்பத்துக்குள் நுழைந்தபோது, என் மாமா என் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். வலித்தது, நான் சொல்லவில்லை.

அன்று நான் கண்டது சோழவரத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன் தடமும் போர்க்கால விமானத் தளமாக இருந்ததுதான். 1950ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதற்பந்தயம் அங்கேதான் நடந்தது. விமானம் ஏறி இறங்கப் போட்ட பாதையைப் பந்தயம் நடத்துவோர் தற்செயலாகப் பெற்றார்கள். அதை யாரும் பந்தயச் சுவைக்காகத் திட்டமிட்டு வரைந்ததில்லை. ஆயினும் சுவை இருந்தது. அது எங்கிருந்து வந்தது?

அச்சம் வேறு, பெருமிதம் வேறு

பலர் நினைப்பது, அது ஆபத்திலிருந்து வந்தது என்று. நான் அப்படிக் கருதவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினைச் சொல்லும்போது அச்சத்தைத் தனியே வைத்தார். பெருமிதத்தைத் தனியே வைத்தார். பெருமிதம் பிறக்கும் இடங்களுள் ஒன்றாகத் தறுகண்மையை, அதாவது அஞ்சாமையை, எண்ணினார். பந்தயம் பார்ப்பவன் நெஞ்சில் எழவேண்டியது பெருமிதம். ஒருவன் தன் அறிவாலும் உறுதியாலும் அரியதொன்றைச் செய்து முடிப்பதைக் காணும் பெருமிதம் அது. வண்டி தீப்பற்றி எரிவதைக் கண்டு எழுவது அச்சம். இரண்டிலும் நெஞ்சு படபடக்கும்; ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நம் ஜல்லிக்கட்டையே பாருங்கள். வாடிவாசலுக்கு முன்னே களத்தில் தென்னை நார்க்கழிவைப் பரப்புகிறார்கள், விழுபவனுக்கு எலும்பு முறியக்கூடாது என்பதற்காக. தரை மென்மையானதால் காளை மென்மையாகிவிட்டதா? திமிலைப் பற்றிக்கொண்டு நிற்பது எளிதாகிவிட்டதா? இல்லை. தரை விழுந்தவனைக் காக்கிறது. காளை தவறியவனைத் தள்ளிவிடுகிறது. பந்தயத் தடத்துக்கும் இதுவே இலக்கணம் என்பது என் துணிபு. நல்ல தடம் உயிருக்கு இரக்கம் காட்ட வேண்டும். பிழைக்கு இரக்கம் காட்டக்கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால், எந்தத் தடத்தையும் தாங்களே நிறுத்துப் பார்த்துவிடலாம்.

பழைமையைப் போற்றுமுன்

பழைய தடங்களை எண்ணி ஏங்குவோர் ஒன்றை மறந்துவிடலாகாது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பழைய தடம் காட்டுக்கும் மலைக்கும் நடுவே ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர் சுற்றியது. ஒரு மூலையில் மழை பெய்யும், மறு மூலையில் வெயில் அடிக்கும். அதன் வளைவுகளை மனப்பாடம் செய்வதே ஒரு கல்வி. ஆனால் 1976ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், நிக்கி லவுடா அங்கே தீயில் சிக்கினார். இத்தனை நீளமான தடத்தில் உதவி எல்லா இடத்துக்கும் உடனே போய்ச் சேர இயலாது. அவரைத் தீயிலிருந்து இழுத்தெடுத்தவர்கள் உடன் ஓடிய போட்டியாளர்களே. அதன்பின் பார்முலா ஒன் பந்தயம் அந்தப் பழைய தடத்துக்குத் திரும்பவில்லை.

1994இல் இத்தாலியின் இமோலாவில், ஏப்ரல் 30ஆம் நாள் ரோலண்ட் ரட்சன்பெர்கரும் மறுநாள் ஆயர்டன் சென்னாவும் உயிரிழந்தார்கள். உலகமே கலங்கியது. அதன் பிறகு வளைவுகளின் வெளிப்புறத்தில் இடைவெளி விரிந்தது, சுவர்கள் விலகின, தடுப்புகள் மாறின. அந்த மாற்றங்களால் இன்று நம்மோடு உயிருடன் உலவும் வீரர் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல முடியாது. காப்பாற்றப்பட்ட உயிருக்குக் கணக்கு எழுதுவார் இல்லை. தாயாரின் கேள்விக்கு இது முதல் விடை.

புதிய தடங்களின் குறை

இனி இளைஞர்கள் பக்கம் வருகிறேன். பாதுகாப்பைத் தேடிய வழியில் சில இடங்களில் பந்தயச் சுவை கசிந்தது உண்மைதான். முன்பு வளைவுக்கு வெளியே புல்லும் சரளையும் இருந்தன. வழி தவறிய வண்டி சரளையில் புதையும். அன்றைய பந்தயம் அத்தோடு முடியும். சரளையில் வண்டி சில வேளை உருண்டுவிடுவதாலும், பிரேக்குக்குப் பிடிப்பு வேண்டும் என்பதாலும், பல இடங்களில் அதை எடுத்துவிட்டுத் தார்ப்பரப்பை அகலமாகப் போட்டார்கள். உயிருக்கு நல்லது. ஆனால் பிழை செய்தவன் தார்ப்பரப்பில் ஒரு சுற்று உலாவிவிட்டு, ஒன்றும் நடவாதது போல் திரும்பி வருகிறான். வெளியே போவதே விரைவான வழி என்றால், வேண்டுமென்றே வெளியே போகவும் துணிகிறான்.

இதன் விளைவு 2023ஆம் ஆண்டு ஆஸ்திரியப் பந்தயத்தில் நகைப்புக்கு இடமாயிற்று. வண்டிகள் எல்லைக்கோட்டைத் தாண்டியதாக நடுவர்கள் முன் 1,200க்கும் மேற்பட்ட நிகழ்வுகள் குவிந்தன. பந்தயம் முடிந்து பல மணி நேரம் கழித்துத்தான் இறுதி முடிவு தெரிந்தது. மறு ஆண்டு என்ன செய்தார்கள்? கடைசி வளைவுகளின் ஓரத்தில் ஒரு குறுகிய சரளைப் பட்டையைப் போட்டார்கள். அவ்வளவுதான். சக்கரம் சரளையில் இறங்கினால் நேரம் போகும் என்று தெரிந்ததும், ஓட்டுவோர் கோட்டுக்குள் அடங்கினார்கள். ஆயிரம் நடுவர்கள் செய்ய முடியாததை ஒரு கூடைச் சரளை செய்தது எனலாம். அந்தப் பட்டை யாரையும் கொல்லாது. தவறியவனை மட்டும் தண்டிக்கும்.

இன்னொரு குறை, தாண்டிச் செல்ல இடமின்மை. இதற்குக் காற்றின் இயல்பைச் சிறிது அறிய வேண்டும். இக்காலப் பந்தய வண்டியை அதன் இறக்கைகள் வழியே பாயும் காற்றே தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. முன்செல்லும் வண்டி அந்தக் காற்றைக் கலக்கிவிடுகிறது. நேர்வழியில் அந்தக் கலக்கம் பின்வருபவனுக்கு நன்மை. எதிர்க்காற்றின் தடை குறைந்து வேகம் கூடும். வளைவிலோ அதுவே தீமை. அழுத்தம் குறைந்து டயரின் பிடிப்புத் தளரும். ஆகவே நேர்வழிக்கு முன்னால் வேகமான வளைவு இருந்தால், பின்வருபவன் அங்கேயே பின்தங்கிவிடுவான். மெதுவான வளைவு, அதன்பின் நீண்ட நேர்வழி, அதன் முடிவில் கடுமையாக வேகத்தைக் குறைக்க வேண்டிய அகன்ற வளைவு என்று அமைந்தால், அங்கே போட்டி பிறக்கும். சோழவரத்தின் ஓடுபாதை தற்செயலாகக் கொடுத்தது இதைத்தான்.

2010ஆம் ஆண்டு அபுதாபியில் நடந்ததைக் கேளுங்கள். பெரும்பொருட்செலவில் எழுந்து ஓராண்டே ஆன புதிய தடம் அது. சாம்பியன் பட்டத்தை எதிர்நோக்கி வந்த பெர்னாண்டோ அலோன்சோவுக்கு நான்காம் இடம் கிடைத்தால் போதும். ஆனால் அவர் விட்டாலி பெட்ரோவ் என்ற புதிய வீரரின் பின்னே மாட்டிக்கொண்டார். தம் வண்டி விரைவானதாய் இருந்தும், சுற்றுக்குச் சுற்று முயன்றும், அவரால் தாண்டவே முடியவில்லை. ஏழாம் இடத்தில் முடித்தார். நான்கு புள்ளிகளில் பட்டம் செபாஸ்டியன் வெட்டலுக்குப் போயிற்று. விளக்குகளும் மாளிகைகளும் கண்ணைப் பறித்தன. பந்தயம் மட்டும் ஊர்வலமாகிவிட்டது. பின்னர் 2021இல் அந்தத் தடத்தின் சில வளைவுகளை மாற்றியமைக்க நேர்ந்தது.

நொய்டாவும் நம் கோயம்புத்தூர்ப் பிள்ளையும்

அபுதாபித் தடத்தை வரைந்த ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் டில்கேயின் நிறுவனமே, டெல்லிக்கு அருகில் கிரேட்டர் நொய்டாவில் புத்தர் பெயரால் அமைந்த தடத்தையும் வரைந்தது. முந்தைய குறையிலிருந்து அங்கே பாடம் கற்றிருந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் சற்று நீண்ட நேர்வழி வைத்தார்கள். ஏற்ற இறக்கம் கொடுத்தார்கள். மூன்றாம் வளைவின் நுழைவாயிலை அகலமாக்கி, உள்ளே ஒருவன் வெளியே ஒருவன் என்று இரண்டு வழி தெரியும்படி செய்தார்கள். 2011 அக்டோபர் 30ஆம் நாள் அங்கே முதல் இந்தியப் பந்தயம் நடந்தது. நம் நாராயண் கார்த்திகேயன் தாய்மண்ணில் ஓட்டினார். வெற்றி பெற்றவர் வெட்டல். 2012லும் அவரே. 2013லும் அவரே. முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு சுற்றில்கூட முதலிடத்தை அவர் பிறருக்கு விட்டுக்கொடுக்கவில்லை!

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, தடம் வரைபவன் வாய்ப்பை மட்டுமே தர முடியும் என்பது. ஒருவனுடைய வண்டி மற்ற வண்டிகளையெல்லாம் விஞ்சி நின்றால், எந்த வளைவும் அவனைத் தடுக்காது. எல்லாப் பழியையும் தடத்தின் தலையில் சுமத்துவது நீதியாகாது. அதே டில்கேயின் துருக்கித் தடத்து எட்டாம் வளைவை வீரர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். மறுபுறம், பழம்பெருமை வாய்ந்த மொனாக்கோவின் குறுகிய தெருக்களில் தாண்டுவது அரிதினும் அரிது. பழையது என்பதால் எல்லாம் நன்று ஆகாது; புதியது என்பதால் எல்லாம் தீது ஆகாது.

நாராயண் கார்த்திகேயன் பெயரைச் சொன்னேன். கோயம்புத்தூரில் பிறந்து, ஸ்ரீபெரும்புதூர் அருகே மாருதி எஞ்சின் பொருத்திய சிறு பந்தய வண்டியில் தொடங்கி, 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானவர் அவர். அவ்வாண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடத்தில் நான்காம் இடம் பெற்றார். செய்தி கேட்டு நாமெல்லாம் மகிழ்ந்தோம். ஆனால் அந்தப் பந்தயத்தின் கதை துயரமானது. அத்தடத்தின் சரிந்த கடைசி வளைவின் அழுத்தத்தை ஒரு நிறுவனத்தின் டயர்கள் தாங்கவில்லை. அவ்வளைவில் வேகத்தைக் குறைக்க ஒரு தடை வைக்கலாம் என்ற யோசனை ஏற்கப்படவில்லை. 14 வண்டிகள் தொடக்கத்திலேயே விலகிக்கொள்ள, ஆறு வண்டிகள் மட்டுமே ஓடின. வேகத்துக்குக் குறைவில்லை, ஆபத்தும் அகன்றுவிடவில்லை. ஆயினும் மக்கள் கூச்சலிட்டார்கள். பலர் எழுந்து போனார்கள். வேகமும் ஆபத்தும் மட்டுமே சுவை என்றால், அவர்கள் ஏன் எழுந்து போனார்கள்? போட்டி இல்லை, ஆகவே சுவை இல்லை. நம் பிள்ளையின் உழைப்பில் குறையில்லை. அந்த நான்காம் இடத்துக்கு ஏற்ற களம் அன்று அவருக்கு வாய்க்கவில்லை.

தமிழகத்துத் தடங்கள்

சோழவரத்தில் பந்தயம் நடத்திய அதே கிளப், 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் நிலையான தடம் அமைத்தது. கோயம்புத்தூர்ச் செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த தடத்துக்குக் கரிவரதன் பெயரைச் சூட்டினார்கள். தாமே வண்டி ஓட்டி, தாமே பந்தய வண்டிகளை உருவாக்கி, இளைஞர்களைக் கைதூக்கிவிட்டு, 1995இல் விமான விபத்தில் மறைந்த பெருந்தகை அவர். 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை வழியாக 3.5 கிலோமீட்டர் தெருத்தடத்தில் இரவுப் பந்தயம் நடந்தது. இருபுறமும் தடுப்புச் சுவர், தவறினால் உரசும், விலகிப்போக இடமில்லை. பிழைக்கு இரக்கம் காட்டாத தடம் அது. ஆனால் தாண்டிச் செல்லவும் இடம் குறைவு. ஒன்றைப் பெற்றால் மற்றொன்றை இழக்க நேர்கிறது.

இருங்காட்டுக்கோட்டையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு செய்தியை மறைக்கலாகாது. 2023ஆம் ஆண்டு சனவரியில் அங்கே 59 வயது நிரம்பிய அனுபவசாலி ஒருவர் கார்ப் பந்தயத்தில் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் உயிரிழந்தான். யாருடைய குற்றம் என்று ஆராய நான் இங்கு வரவில்லை. பதின்மூன்று வயது! நம் காலனியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் வயது. தொலைக்காட்சியின் முன் அமர்ந்து “பாதுகாப்பு மிகுந்துவிட்டது, சுவை குறைந்துவிட்டது” என்று சொல்லுமுன், அந்தச் சிறுவனை நாம் ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சுரங்கம் கற்பித்த பாடம்

நாம் தங்கவயல் மக்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பொன் எடுத்தவர்களின் பேரர்கள். நம் முன்னோர் ‘ஏர் பிளாஸ்டு’ என்று சொன்ன பாறை வெடிப்பு எந்த ஷிப்டில் வரும் என்று யாருக்கும் தெரியாது. நில அதிர்வால் வீட்டுப் பாத்திரங்கள் ஆடினால், அடுத்த கணம் பெண்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். என் அன்னையார் அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆபத்தை யாராவது ‘விறுவிறுப்பு’ என்று சொன்னார்களா? பாறைத் தூண்களை விட்டு வெட்டினார்கள். கருங்கல் சுவர் எழுப்பி முட்டுக்கொடுத்தார்கள். அதிர்வை அளக்கக் கருவிகள் வைத்தார்கள். முட்டுக்கொடுத்ததனால் சுரங்கத் தொழிலாளியின் வீரம் குறைந்துவிட்டதாக எவரும் சொல்லவில்லை. அவன் வீரம் சாவதில் இல்லை; இருட்டில் கைநடுங்காமல் தன் வேலையைச் செவ்வனே செய்து, மேலே ஏறி வருவதில் இருந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அந்தப் பாடம் மூடப்படவில்லை.

பந்தயத் தடத்துக்கும் அதே பாடந்தான். சுவரை விலக்கி வையுங்கள். சரளையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வளைவை அகலமாக்குங்கள், ஆனால் அதன் பரிசு துணிந்து கணக்கிட்டவனுக்கே கிடைக்கட்டும். பார்வையாளரைப் பாதுகாப்பாக அமர்த்துங்கள். ஆனால் வண்டி எறும்பாகத் தெரியும் தொலைவுக்குத் தள்ளிவிடாதீர்கள். இவை எல்லாம் செய்யக்கூடியனவே. ஹாலந்தில் சாண்ட்வோர்ட் என்னும் பழைய தடத்தைப் பார்முலா ஒன் பந்தயத்துக்காகப் புதுப்பித்தபோது, அகலப்படுத்த இடம் குறைவாக இருந்ததால், இரண்டு வளைவுகளைச் சாய்தளமாக உயர்த்தி, ஒரே வளைவில் பல வழிகள் பிறக்கும்படி செய்தார்கள். அறிவு இருந்தால் பாதுகாப்பும் சுவையும் பகையல்ல என்பதற்கு அது சான்று.

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு சொல். பந்தயத் தடத்தில் சரளை உண்டு, தடுப்பு உண்டு, மருத்துவர் உண்டு, கொடி காட்டுவோர் உண்டு. எதிரே பால் வண்டி வராது. பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை குறுக்கே ஓடாது. பங்காருப்பேட்டைச் சாலையிலோ பெங்களூரு நெடுஞ்சாலையிலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அங்கே பிழைக்கும் இரக்கமில்லை, உயிருக்கும் இரக்கமில்லை. வேகத்தில் விருப்பமுள்ளவன் தலைக்கவசம் அணிந்து, முறையாகக் கற்று, தடத்துக்குப் போகட்டும். அவன் அங்கே இரண்டாவதாக வந்தாலும், அதே சங்க மேடையில் மாலையிட நான் வருவேன்.

அன்று கேள்வி கேட்ட தாயார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அம்மா, உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: எந்த வீட்டுப் பிள்ளையையும் விலையாகக் கொடுக்க வேண்டாம். பிள்ளை வீடு திரும்பிய பிறகும் பேசிப் பேசி மகிழ்வதற்கு மிச்சமிருக்கும் சுவையே பந்தயத்தின் சுவை.